நாற்பது தடவை

காலைக் காப்பியை ஆறவிட்டுக்கொண்டு, தான் செய்துகொடுத்த வெப்சைட்டுகளுக்கு முந்தின நாள் யார் யார் வந்துபோனார்கள் என்ற பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறாள் வேல்விழி. அதில் பெயர் எதுவும் கிடையாது. வரிவரியாக எண்களும் நேரமும்தான். ஆனாலும் ஊர்ச்செய்தி படிக்கிறவளைப் போல அவள் முகம் மாறிக்கொண்டே வரும். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் பக்கத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் துபாயிலிருந்து யாரோ திறக்கிறார்கள். அறை எதுவும் கேட்பதில்லை. ஐந்தருவிப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "லீவு கிடைக்கல போலுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போவாள்.

வயது முப்பத்தாறு. தென்காசி ரத வீதியில் ஒரு வளையல் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரு லேப்டாப். வாசலில் போர்டு இல்லை. கேட்டால், கடைக்காரரே மாடிப்படியைக் காட்டிவிடுவார். அதற்கு முன்னால் ஏழு வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். கடைசியாக அவளுக்குக் கொடுத்த வேலை, 'வேண்டாம்' என்று விலகிக்கொள்கிறவர்களுக்கான பொத்தானை இன்னும் சின்னதாக, இன்னும் மங்கலாக ஆக்குவது. நான்கு தடவை மங்கலாக்கிக் கொடுத்தாள். ஐந்தாவது தடவை கேட்டபோது ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள்.

"வேலை முடிஞ்சா ஆளை விட்ரணும். பிடிச்சு வச்சுக்கிடதுக்கு நாம என்ன போலீஸா?" சாஃப்ட்வேரைப் பற்றி அவளுக்கு இருக்கும் கொள்கை மொத்தமே இவ்வளவுதான். சீசன் தொடங்குமுன் லாட்ஜ்காரர் பரீது வந்து, பக்கத்தைத் திறந்ததுமே அருவி கொட்டுகிற மாதிரி வீடியோ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "அருவி அங்கன தானா கொட்டுது அண்ணாச்சி. ரூம் இருக்கா, இல்லையா, அதைச் சொன்னாப் போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இப்போதெல்லாம் ஏஐ இரண்டு நிமிஷத்தில் வெப்சைட் எழுதிவிடுகிறதாமே என்று பரீது சும்மா இராமல் கிளப்பியதற்கு, அவள் கோபப்படவில்லை. அவளும் அதை வைத்து வேலை செய்கிறவள்தான். நன்றாகவே எழுதித் தருகிறது, யாருக்காக எழுதுகிறோம் என்றுதான் கேட்பதில்லை என்றாள்.

அவள் செய்ததிலேயே அவளுக்குப் பிடித்தது புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் பக்கம். கமிஷன் கடை மகாதேவனுக்காகச் செய்தது. அன்றைய தேதி, அன்றைய விலை, அவ்வளவுதான். கண்ணாடி போடாதவர்களும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. கோளாறு வந்தால் காட்டும் வரிகளைக்கூட ஆங்கிலத்தில் விடாமல் நல்ல தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

இந்த வருஷம் அந்தச் சின்னப் பக்கத்தையும் எந்திரங்கள் மொய்க்க ஆரம்பித்தன. எங்கெங்கோ இருக்கும் கம்பெனிகளின் நிரல்கள் உலகத்தில் எழுதியிருக்கிற எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக வருகின்றன. எலுமிச்சை விலையையும் விடுவதில்லை. ஆயிரக்கணக்கில் வந்து தட்டியதில் பக்கம் திணறியது. வேல்விழி ஒரு விதி எழுதினாள்: ஒரே இணைப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவைக்கு மேல் வந்தால் கதவு அடைபடும். "மனுசன் எவன் நாப்பது தடவை எலுமிச்சங்கா வெலையப் பாக்கப் போறான்?" என்று நினைத்துக்கொண்டாள்.

பதினோரு நாள் கழித்து மகாதேவன் போன் பண்ணினார். ஒரு அம்மா கடைக்கு வந்து நிற்கிறாராம், பெயர் ஆவுடைத்தாய். இரண்டு ஏக்கர் எலுமிச்சை வைத்திருக்கிற குடும்பம். "இங்கன கடையில வச்சுத் தொறந்தா தொறக்கு. வீட்டுக்குப் போனா தொறக்க மாட்டேங்காம். என்னன்னு பாரும்மா" என்றார்.

அவர் சொல்லி முடிக்குமுன்பே வேல்விழிக்கு விளங்கிவிட்டது. பதிவைத் திறந்து பார்த்தாள். அடைபட்ட இணைப்புகளின் நீண்ட பட்டியலில், வெளிநாட்டு எண்களுக்கு நடுவே புளியங்குடி வீட்டு இணைப்பு ஒன்று. பகல் முழுக்க, நிமிஷத்துக்கு ஒருதரம். அதை விடுவிக்க ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினாள். வேலை அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு சாரலில் இறங்கி, கடையநல்லூர் வழி புளியங்குடி பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பட்டாளத்தில் இருக்கும் மகன் அப்பாவை வீடியோவில் பார்ப்பதற்காக வீட்டுக்கு நெட் லைன் இழுத்துக் கொடுத்திருந்தான். உள்ளறைக் கட்டிலில் ஆவுடைத்தாயின் கணவர் நம்பிராஜன் படுத்திருந்தார். போன வருஷம் வந்த பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. நினைவும் நிற்பதில்லை. ஆனால் முப்பது வருஷமாக மார்க்கெட்டுக்குக் காய் அனுப்பியவர், விலையை மட்டும் விடவில்லை.

"கேட்டுக்கிட்டே இருப்பாவ. நான் வாயால சொன்னா நம்ப மாட்டாவ, செல்லுல காட்டணும். பாத்துட்டு அமந்துருவாவ. ஒரு நிமிசத்துல மறந்துரும், மறுபடி கேப்பாவ" என்றாள் ஆவுடைத்தாய். அதில் அலுப்பில்லை. சமையலில் உப்பு எவ்வளவு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

அடைபட்ட நாட்களில் அந்தச் செல்லில் தெரிந்தது வேல்விழி எழுதிய வரிதான்: 'உங்களுக்கு அனுமதி இல்லை.' பெரிய எழுத்து, நல்ல தமிழ். நம்பிராஜன் தானே படித்துவிட்டார். மார்க்கெட்டிலிருந்து தன்னை விலக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். என்ன தப்புப் பண்ணினேன், அழுகல் காய் ஏதும் போய்விட்டதா, மகாதேவனிடம் கேட்டு வா என்று ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே கலங்கினாராம். சோறு சரியாக இறங்கவில்லை.

வேல்விழி, "தப்பு என்னுதுதான் அக்கா. அத அடைச்சதும் நான்தான், அந்த வரிய எழுதுனதும் நான்தான். ஏதோ மெஷின்தான் வருதுன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

ஆவுடைத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயாம்மா அது? நானும் ஏதோ மெஷின்தான் சொல்லுதுன்னுல்லா நெனச்சேன்" என்றவள், உள்ளே போய் ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள்.

கட்டிலில் நம்பிராஜன் அசைந்தார். இன்றைக்கு என்ன விலை என்று கேட்டார். ஆவுடைத்தாய் செல்லை நீட்டினாள். எண்ணை உதட்டசைத்துப் படித்தவர், "ஏறிருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். வேல்விழி பாதிச் சாறு குடித்திருப்பாள். மறுபடி கண்ணைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை செல்லை வேல்விழி வாங்கிக்கொண்டாள். பக்கம் திறந்தபடியேதான் இருந்தது. மறுநாள் காலைவரை அந்த எண் மாறப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியே காட்டினாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். "புதுசா எடு தாயி" என்றார்.

வேல்விழி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவருடைய இடதுகை ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திரையின் மேல்பக்கம் வைத்து, பக்கம் புதிதாகத் திறக்கும்படி மெதுவாகக் கீழே இழுத்தாள்.