அசையாமல் விழுந்த முகம்

இது நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை.

1868, ஜூலை 14. அண்ணன் மோன்டேகுவின் உல்லாசக் கப்பல் நார்வே கரையோரம் போய்க்கொண்டிருந்தது. தங்கை லெட்டிஸுக்கு நுரையீரல் நோய். கடல் காற்றில் தேறுவாள் என்றுதான் அழைத்து வந்தோம். உயிரோடு திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தேன்.

எனக்குப் படம் எடுக்கும் பைத்தியம். கண்ணாடியில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, உடனே கழுவ வேண்டும். எட்டு விநாடி யாரும் அசையக் கூடாது. ஆடும் கப்பலில் அது நடக்கிற காரியமா? எல்லார் முகமும் கலைந்துதான் விழும்.

காலை 10.10. மேல்தளத்தில் லெட்டிஸை நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணனைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். கீழே இருட்டறையில் கழுவினேன். இருவரும் புகையாகத் தெரிந்தார்கள். லெட்டிஸுக்குப் பின்னால், கப்பலிலேயே இல்லாத ஒரு பெண்... துல்லியமாக. துளி அசைவில்லை.

அண்ணன் சிரித்தார். "பழைய கண்ணாடியச் சரியாத் தேய்ச்சிருக்க மாட்டே. முன்னாடி எடுத்த எவளோ ஒட்டிக்கிட்டிருக்கா!"

இருக்கலாம். அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். லெட்டிஸ் களைப்பாக இருக்கிறதென்று தன் அறைக்குப் படுக்கப் போனாள்.

மனசு கேட்கவில்லை. மாலை 4.20க்குப் புதுக் கண்ணாடிப் பெட்டியை உடைத்தேன். காலி நாற்காலியைப் படம் எடுத்துப் பார்க்கத்தான் மேலே போனேன். அதில் லெட்டிஸ் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிச்சிட்டியாடி? எடுக்கட்டுமா?"

"எடு. இந்தத் தடவை அசையவே மாட்டேன்க்கா. பந்தயம்!"

எடுத்தேன். கழுவினேன். பின்னால் யாருமில்லை. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம்தான் பார்த்தேன்... லெட்டிஸ் துல்லியமாக விழுந்திருந்தாள். இமை முடியை எண்ணலாம்.

மேலே ஓடினேன். 4.35. நாற்காலி காலி.

அவள் அறைக்கு ஓடினேன். உள்ளே தாழ்.

டொக்... டொக்...

அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன்.

அண்ணன் கதவை உடைத்தார்.

கட்டிலில் கிடந்தாள். தொட்டேன்... கட்டையாக விறைத்திருந்தாள்.

கப்பலைப் பக்கத்திலிருந்த பெர்கன் துறைமுகத்துக்கு விட்டோம். டாக்டர் ஏழு மணிக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார். "காலைல பதினோரு மணிக்கு முன்னாடியே உயிர் போயிருக்கும்மா. யாரும் கவனிக்கலையா?"

அந்த நேரத்தை அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை. அந்த மாலைப் படத்தைத்தான் அவள் சட்டம் போட்டுத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். தினமும் முத்தம் கொடுக்கிறாள்.