ராஜமலை போகாத கேரவன்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனபிறகு அவள் வெளியூர் போவதையே விட்டுவிட்டாள். நடக்க முடியாமல் இல்லை. போகிற இடத்தில் அவள் உட்காருகிற மாதிரி கக்கூஸ் இருக்காது என்பதுதான் காரணம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால்கூடக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டாள்.

கேரவன் யோசனை என் கணவருடையது. வெள்ளைக்காரர்கள் வீடு மாதிரியான வண்டியில் மலைமலையாகச் சுற்றுவதைப் போனில் பார்ப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, நாற்காலி போட்டு அமர்ந்து காபி குடிப்பார்கள். அப்படி ஒரு வண்டியை, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையுமாக, டிரைவரோடு வாடகைக்கு எடுத்தார். சின்னாறு காட்டு வழியாக மறையூர், அங்கிருந்து ராஜமலை, பிறகு மூணாறு என்பது திட்டம். ராஜமலையில் வரையாடு பார்க்கவேண்டும் என்று அம்மா பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கழிப்பறையைத் திறந்து காட்டியதும்தான் வருகிறேன் என்றாள்.

எங்கள் இருவருக்கும் ஆயுத பூசைக்குத்தான் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. ஊரில் எல்லோருக்கும் அப்போதுதான் கிடைத்திருந்தது.

சின்னாற்றில் ஒரு மரத்தடியில் நிறுத்திப் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தோம். பைக்கில் வந்த வனக்காவலர், இது யானை கடக்கிற இடம், வண்டியை எடுங்கள் என்றார். பால் பாதி காய்ந்த நிலையிலேயே கிளம்பினோம். மறையூரில் விடுதி விடுதியாக விசாரித்தோம். மூன்று கார் நிற்கிற இடத்தை இது ஒன்றே அடைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் கைவிரித்தார்கள். கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க் மூலையில், லாரிகளுக்கு நடுவே தூங்கினோம். டீசல் வாடைக்கு நடுவே என் கணவர் பிடிவாதமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ராஜமலைக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். பூங்கா வாசலுக்கு வெகு முன்னாலேயே வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. வளைவில் எங்கள் கேரவன் திரும்பும்போதெல்லாம் எதிரே வருகிறவர்கள் பின்வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் திட்டுவதை டிரைவர் கேட்டுக்கொண்டு, எங்களைக் கண்ணாடியில் முறைத்தார். நுழைவு நேரம் தாண்டிப்போனது. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. கைக்குழந்தையோடு ஒரு மலையாளப் பெண். முன்னால் நின்ற காரிலிருந்து வந்திருந்தாள். டாய்லெட்டுக்குப் போய்க்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்து கதவை அகலத் திறந்துவிட்டாள்.

அடுத்து அவளுடைய மாமியார் வந்தாள். பிறகு பின்னால் நின்ற வேனிலிருந்து மூன்று பேர். அதற்கும் பின்னால் யார் யாரோ. அம்மா படியருகே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றிவிட்டாள். போதும் என்று நான் சாடை காட்டியதை அவள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். என் கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

"அத்தை, தொட்டி சின்னதுங்க. ரொம்பிருச்சுன்னா நாமதான் சிரமப்படோணும்."

"பாவமுங்க மாப்ளை. அடக்கீட்டு உக்கோந்திருக்கறது என்னன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள் அம்மா.

அவர் என்னைக் கீழே கூப்பிட்டார். கோபத்தையெல்லாம் என்னிடம் காட்டினார். உன் அம்மாதானே, நீ சொல்லக்கூடாதா என்றார். கேரவன் கேட்டது யார் என்றேன் நான். காருக்குள்ளிருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்தது. கழிவுத் தொட்டியும் நிறைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மலையில் எங்கே போய்க் கொட்டுவது என்று டிரைவருக்கும் தெரியவில்லை. அவர் கழிப்பறைக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே நாற்றம் நிற்க ஆரம்பித்தது. சற்று நேரத்தில் அம்மா என் கையைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அம்மணி, எனக்குப் போகோணும்."

நான் அவளையே பார்த்தேன். எதற்காக இந்த வண்டியை எடுத்தோமோ அது அவளுக்கு மட்டும் இல்லாமல் போயிருந்தது. பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே குத்தவைக்கிற கக்கூஸ்தான். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

என் கணவர் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். அந்த ரோட்டில் திருப்புவதற்குள் இரண்டு பக்கமும் ஹாரன் காதைக் கிழித்தது. அவரே இறங்கி நின்று, முன்னும் பின்னும் கைகாட்டி, எல்லோரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டார். மறையூர் வரை அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குழிக்கும் அவள் முகம் சுருங்குவதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முந்தின நாள் எங்களைத் திருப்பியனுப்பிய விடுதி ஒன்றில் அவர் ஓடிப்போய்க் கெஞ்சி, காலி செய்த அறை ஒன்றின் சாவியை வாங்கிவந்தார். அம்மா அந்த அறைக்குள் போய்விட்டு வெளியே வந்து ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். டீ கிடைக்குமா என்று கேட்டாள்.

"நாளைக்கும் லீவுதானுங்களே மாப்ளை. வெள்ளனே கெளம்பிப் போய்ப் பாக்கலாமுங்களா?"

அவர் யோசிக்க ஆரம்பித்தார். டிரைவரைக்கூடப் பார்த்தார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, நேராக ஊருக்கு விடும்படி டிரைவரிடம் சொன்னேன். உடுமலை தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை.