லீவு நாள் நாற்காலி

அப்பாவின் சலூன் நாற்காலி இறங்கிக்கொண்டே இருந்தது. யார் உட்கார்ந்தாலும் சவரம் முடிவதற்குள் ஒரு சாண் கீழே போய்விடுவார்கள்.

"உட்காரும்போது அதிகாரி, எழுந்திரிக்கும்போது குமாஸ்தா" என்றார் அப்பா.

ஹைட்ராலிக் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. சலூன் தரையில் படுத்துத் எண்ணெய் ஒழுகவிட்ட பழைய ரப்பர் சீலைப் பிடுங்கினேன். அப்பா டார்ச் பிடித்தார்.

"லீவு நாளுக்குள்ள ஆயிடுமாம்மா?"

"வார லீவுல கடை மூடியிருக்குமே, யாருப்பா உட்காரப் போறா?" தெரிந்துதான் கேட்டேன்.

"உன் மாமன்தான். நாற்காலி சரியில்லன்னு கண்ணாடிகிட்டப் புலம்புவான்."

புது சீலைப் பொருத்தினேன். எண்ணெய் போதவில்லை. நாளைக்கு வாங்கி வைக்கிறேன் என்றார். அந்த 'நாளைக்கு' வருவதற்குள் அவர் இதயம் நின்றுவிட்டது.

மாமா கதை நான் சிறுமியாக இருந்தபோது தொடங்கியது. தெருக்கோடியில் ஒரு பெரிய வீடு. மில் முதலாளியுடையது. சவரத்துக்கு நாவிதர்களான எங்கள் ஆட்களைப் பின்வாசல் வழியாகத்தான் கூப்பிடுவார்கள். கார் ஷெட்டில் வேலை. முடிந்ததும் நின்ற இடத்தைக் கழுவிவிட்டுப் போக வேண்டும். முன்வாசலில் கூப்பிடும்வரை அந்த வீட்டுக்குள் யாரும் கத்தி எடுத்துப் போகக் கூடாது என்று சவரத் தொழிலாளர் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் அப்பா. எல்லாரும் கைதூக்கினார்கள். மாமாவும்தான்.

மாமா என் அம்மாவின் தம்பி. இரண்டு தெரு தள்ளிக் கடை. மகனுக்கு மில்லில் வேலை தருவதாகச் சொன்னார்கள். பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

சங்கம் அவரை விலக்கியது. யாரும் பேசக் கூடாது. யாரும் அவர் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது.

இதன் கனம் வெளியாட்களுக்குப் புரியாது. எங்களில் யாரும் தனக்குத் தானே சவரம் செய்துகொள்வதில்லை. இன்னொருவர்தான் செய்ய வேண்டும். தானே மழித்துக்கொள்பவனை ஆளில்லாதவன் என்போம். தாடி வளர்ந்த நாவிதனிடமோ எவனும் முகத்தைக் கொடுக்க மாட்டான். கடையும் போய்விடும், பேரும் போய்விடும்.

அடுத்த லீவு நாளில் அப்பா ஷட்டரைப் பாதி தூக்கிவைத்து மாமாவுக்கு ஆள் அனுப்பினார். சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க கொண்டுவந்த தீர்மானம். நீங்களே மீறினா எப்படி?"

"அவன் பண்ணது தப்பு. சாகுற வரைக்கும் பேச மாட்டேன். ஆனா ஆளில்லாதவனாத் தெருவுல விட மாட்டேன். என்னையும் விலக்கணும்னா விலக்கிக்கோ."

விலக்கவில்லை. அப்பாவும் பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த எல்லா லீவு நாட்களிலும் அந்தச் சவரம் நடந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் அருகே நின்று பார்த்திருக்கிறேன். முதலில் அப்பா உட்கார்வார். மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டிக் கண்ணை மூடுவார். அவரால் அவமானப்பட்டவரின் கையில் கத்தி. பிறகு இடம் மாறுவார்கள். இப்போது கத்தி அப்பாவின் கையில். ஒரு கீறல் விழுந்ததில்லை.  

நடுவில் தூது நான்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, கன்னத்தை உப்பச் சொல்லு."

"கேட்டுச்சுன்னு சொல்லு உன் மாமன்கிட்ட. என் காது ஒண்ணும் மில்லுக்கு வேலைக்குப் போகல."

கடைக்குப் பின்னால்தான் வீடு. அம்மா உள்ளிருந்து கத்துவாள்: "ரெண்டு கிழடுக்கும் ஒரு வாய்தான் இருக்கு. அதுவும் என் பொண்ணோடது!"

அப்பா போன அன்று அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். எங்கள் ஆளுக்குக் கடைசிச் சவரம் எங்கள் ஆள்தான் செய்ய வேண்டும். தலைவர் கத்தியை எடுத்தார். மாமா வாசலுக்கு வெளியே, அந்த வாரத்துத் தாடியோடு நின்றிருந்தார்.

"தம்பி, உள்ள வா" என்றாள் அம்மா. "அவர் முகம் உன் கைக்குத்தான் பழக்கம்."

 தலைவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு வெந்நீர்க் கிண்ணத்தை மாமா பக்கம் நகர்த்தினார்.

மாமா நுரை பூசினார். கத்தியைக் கன்னத்தருகே கொண்டுபோனார். பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, கன்னத்தை..."

நிறுத்திக்கொண்டார். இடது கை விரலால் அந்தத் தோலை இழுத்துப் பிடித்து, முழுதாகச் செய்து முடித்தார்.

லீவு நாள் வந்தது. ஷட்டரைப் பாதி தூக்கினேன். மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தி வைக்க ஆள் கிடையாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குனிந்து ஷட்டருக்கு உள்ளே வந்தவர் தலைவர். கையில் கத்திப் பை. மாமாவைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னார்:

"உன் மாமாவை நிமிர்ந்து உட்காரச் சொல்லும்மா. நாற்காலியைக் கொஞ்சம் தூக்கு."

பெடலை மிதித்தேன். காற்றுதான் சீறியது.

"எண்ணெய் இல்லைங்க. அப்பா வாங்கறேன்னு சொன்னாரு."

"சரி, இருக்கட்டும். நான் குனிஞ்சுக்கறேன்."

எண்ணெய் இன்னும் வாங்கவில்லை.