முதல் தட்டு

செல்வம்மாளுக்கு மெதுவாக நடக்க வராது. எறையூரில் கரும்பு வெட்டப் போன வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். தலையில் கட்டு ஏறிவிட்டால் லாரிவரை நிற்கக் கூடாது; நின்றால் கழுத்து தெறிக்கும். இப்போது ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக் கேண்டீனில் காய் நறுக்குகிறாள். கால் மட்டும் இன்னும் கரும்புக் கொல்லையிலேயே இருக்கிறது. பெரம்பலூர்க் கடைவீதியில் அவள் வருவது தெரிந்தால் பழக்கடைக்காரர் தள்ளுவண்டியை ஓரமாக இழுத்துக்கொள்வார்.

ஆட்களை ஏற்றிப் போகும் வேன் கடைவீதி முக்கில் நிற்கும். “இன்னொரு தடவ வேனை வுட்டா, கேட் பாஸைக் குடுத்துட்டு வூட்டுலயே இருந்துக்க” என்று மேற்பார்வையாளர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் மகள் பிரவீணா நர்சிங் படிக்கிறாள்.

அன்று முகூர்த்த நாள். நடைபாதையில் பாதியைப் பாத்திரக்கடை பிடித்திருந்தது. மீதியில் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்கலாமென்றால் ஓரமெல்லாம் பைக்குகள். தட்டேந்திய பெண்களை இடித்துக்கொண்டே முன்னேறியவள், முதல் தட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். முதல் தட்டைத் தாண்டி யாரும் போவதில்லை. அதைச் சுமந்தவள் தாய்மாமன் பெண்டாட்டி பொன்னம்மாள். அடி மேல் அடி வைத்து நடந்தாள். அவளுக்கு முன்னால் போட்டோக்காரன் பின்பக்கமாக நடந்தபடி, “நில்லுங்க, சிரிங்க” என்று வேறு நிறுத்தினான்.

“யக்கா, கொஞ்சம் எட்டி வைங்களேன். வேன் போயிரும்.”

“எட்டி வெக்க நான் என்ன குதிரையா? வெண்கலப் பானை நெறைய அரிசி. நீ தூக்கிப் பாரு, தெரியும்.”

“குடுங்க.”

பொன்னம்மாள் திரும்பிப் பார்த்தாள். “நெசமாவா? நெறைஞ்ச மனசோட தூக்கணும்டி.”

“நெறைஞ்சுதான் கெடக்கு. இந்தப் பையப் புடிங்க.”

சுமை தலையில் ஏறியதும் கால் தன் போக்குக்குப் போய்விட்டது. மேளக்காரர்கள் தாளத்தை மாற்றினார்கள். பின்பக்கமாக நடந்த போட்டோக்காரன் தள்ளுவண்டியில் முட்டிக்கொண்டு வைதான். முக்கு வந்தது. வேன் நின்றது.

“ஏறுக்கா!” என்றான் டிரைவர் ராஜா. “ஒனக்காவ எவ்ளோ நேரம் நிக்கிறது?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாஸ் பையில் இருந்தது. பை பொன்னம்மாளிடம் இருந்தது. மண்டபம் சேரும்வரை சீர்த்தட்டைத் தரையில் வைக்கக் கூடாது. வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை, பின்னால் வந்தவர்கள் எல்லார் கையிலும் தட்டு.

“பாஸு அந்தக்காகிட்ட, ராஜா.”

“எந்தக்கா?”

தலையைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிப் பார்த்தாள். குடையும் கூடையும் தலைகளுமாகக் கடைவீதி அசைந்தது. பொன்னம்மாளைக் காணவில்லை.

“அவ ஒருத்திக்காவ நாங்களும் வூட்டுக்குப் போறதா?” என்றது வேனுக்குள் ஒரு குரல். ராஜா கியரைப் போட்டான்.

செல்வம்மாள் நின்றாள். கழுத்து விண்ணென்று தெறித்தது.

“ஏம்மா, நடுவழியில இப்புடி நின்னா மத்தவங்க போறதில்லையா?” என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

பைக்குகளுக்கு நடுவிலிருந்து பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தாள் பொன்னம்மாள்.

“அடிப்பாவி! சீரைத் தூக்கிக்கிட்டு ஓடியே போயிட்டன்னு நெனச்சேன்!”

“நல்லாத்தான் ஓடுறீங்க.”

“தட்டு இல்லாட்டி நானுந்தான் ஓடுவேன். குனி!”

தட்டு கைமாறியது. பையை வாங்கிக்கொண்டு, நகரத் தொடங்கிய வேனில் செல்வம்மாள் தாவி ஏறினாள். பத்தடி போவதற்குள் வேன் நின்றுவிட்டது. எதிரே இருந்த மண்டபத்துக்குச் சீர் வரிசை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. முதல் தட்டோடு பொன்னம்மாள், மறுபடி அடி மேல் அடி வைத்து.

ராஜா ஆரனில் கை வைத்தான்.

“அடிக்காத, ராஜா. பானை கனம்” என்றாள் செல்வம்மாள்.

அவள் வலது கால் மட்டும் வேனின் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.