சோதிலிங்கம் கொண்டுபோன போத்தல்

கண்டியில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்தும் வயிறு கெடாமல் இருந்தவர்களில் யாருக்கும் சோதிலிங்கத்தைத் தெரியாது. தண்ணீரில் குளோரின் சரியாக விழுகிறதா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். பிறந்தது யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அவருடைய கண்டி வாடகை அறை எரிந்தது. உடுத்த உடுப்போடு ஊருக்குப் போனவர், அடுத்த வருசமே திரும்பி வந்து, அறையை எரித்தவர்கள் குடிக்கிற தண்ணீருக்கும் சேர்த்துக் குளோரின் போட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "அங்கை எல்லாம் கிணத்துத் தண்ணி. எனக்கு என்ன வேலை?" என்பார்.

கிருமி என்று எதையும் உயிரோடு விட்டறியாத இந்த மனிதருக்கு நாற்பத்தாறு வயதில் ஒரு மகள் பிறந்தாள். பெயர் டிலக்சி. தான் குளோரின் போட்ட தண்ணீரில் தனக்கே நம்பிக்கை இல்லாதவர் போல, கண்டியிலிருந்து ஏழு மைல் தள்ளிய பிலிமத்தலாவை வீட்டில் அதை மறுபடி கொதிக்க வைத்தார். பிள்ளை தவழுகிற தரையைக் கிருமிநாசினி ஊற்றித் துடைத்தார். தும்மினால் அன்ரிபயோட்டிக்.

"பிள்ளையை வளர்க்கிறியளோ, போத்தலிலை அடைக்கிறியளோ?" என்று மனைவி றீற்றா கேட்டதுண்டு.

இவ்வளவு காவலுக்குள்ளும் தோலில் கரப்பான் சொறி வந்தது. முதலில் கன்னத்தில், பிறகு முழங்கை மடிப்பில், முழங்கால் மடிப்பில். பிள்ளை இரத்தம் வரச் சொறிந்தாள். கைகளில் காலுறை மாட்டிப் பார்த்தார்கள், காலுறையோடு சொறிந்தாள். அவள் சொறியத் தொடங்கினால் சோதிலிங்கத்தால் கதிரையில் இருக்க முடியாது. எழும்பி, முன்கதவுக்கும் குசினிக்கும் நடுவே நடப்பார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். வீட்டுக்குள் நடப்பது வெளியே நடப்பதை விடப் பத்திரமாக இருந்தது.

கண்டியில் அவர்கள் போய்வந்த கிளினிக்கில், அக்குறணைக்காரியான டொக்டர் மஸீனா குழந்தைகளின் கரப்பானைப் பற்றி ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். நீர் கசிகிற முழங்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"புள்ளைட தோல்ல ஒரே ஜாதிக் கிருமிதான் பெருகிக் கிடக்கு சேர். மத்ததெல்லாம் ஒதுங்கிட்டு. குடல்லயும் அப்படிப் பல ஜாதி இல்லாமத்தான் இது வருதோ எண்டு தேடுறோம். சின்னதுல குடல்ல எல்லாம் கலந்து குடியேறினாத்தான், எதோட சண்டை பிடிக்கணும், எதைச் சும்மா விடணும் எண்டு உடம்பு பழகுமாம்."

"அப்ப, கிருமி போதாதெண்டு சொல்லுறியளோ?"

"அப்படியும் இருக்கலாம்."

அந்த வருசத்தில், அந்த நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்ட சோதிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு கிருமிகளைக் கொன்றதற்கு அவர் வருந்தவில்லை. வீட்டில் சும்மா கொன்றதுதான் உறுத்தியது. நான்தான் பிள்ளையைக் கெடுத்தேனோ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

டொக்டர் ஓர் அன்ரிபயோட்டிக்கும், சொறிவுக்கு ஒரு பாணி மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஆய்வில் சேர விரும்பினால், அன்ரிபயோட்டிக் கொடுக்கத் தொடங்குமுன் பிள்ளையின் மலத்தை ஒரு போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். "மூடியை மட்டும் திறந்திராதீங்க. காத்துப் பட்டா உள்ள இருக்கிறது செத்துரும்."

மறுநாள் காலை டிலக்சி தன் பங்கைச் செய்தாள். சோதிலிங்கம் அயலட்டைக்குத் தெரியாமல் போத்தலைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார்.

"போய்ச் சேர்ந்திட்டனெண்டு நான் சொன்னாப் பிறகு மருந்தைக் குடும். வழியிலை ஏதும் நடந்தா இன்னொருக்கா எடுக்கவேண்டி வரும்," என்றார் றீற்றாவிடம்.

றீற்றா பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேராதனைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சோதிலிங்கத்தின் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் படித்த சிப்பாய் பையைத் திறந்தான்.

"இது என்ன மாத்தயா?" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டான்.

வரிசையில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். சோதிலிங்கம் மானமுள்ள மனிதர். "தயிர்," என்றார்.

போத்தலோடு போகிறவர்களை ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வது அந்த நாட்களின் வழக்கம். அவர் அதை மறந்துபோனார்.

"நல்லது. கொஞ்சம் சாப்பிட்டுக் காட்டுங்கள்."

சோதிலிங்கம் போத்தலைப் பார்த்தார், சிப்பாயைப் பார்த்தார். பிறகு, குனிந்துகொண்டு, தன் உத்தியோகச் சிங்களத்தில் உண்மையைச் சொன்னார்.

பின்னால் நின்ற, நகரசபையில் வேலை செய்கிற பரிமளத்துக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். "ஐயோ சார், அதப் போயி தயிருன்னு சொன்னீங்களே! இனிமே நான் எப்படிங்க கடையில தயிரு வாங்குவேன்?"

ஒரு தடவை பொய் சொன்னவரின் உண்மையை யார் நம்புவது? சிப்பாய் மூடியில் கை வைத்தான்.

"திறக்க வேண்டாம்," என்று பதறினார் சோதிலிங்கம். "திறந்தால் செத்துவிடும்."

"எது சாகும்?"

"உள்ளே இருக்கிறவை."

சோதனைச்சாவடியில் சொல்லக்கூடிய வாசகங்களில் இதைவிட மோசமானது இருக்க முடியாது. சிப்பாய் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்கினான். இன்னும் இரண்டு துப்பாக்கிகள் ஓடி வந்தன. வரிசை கலைந்து ஓடியது. நீயே திற என்று தூரத்திலிருந்து கத்தினார்கள். சோதிலிங்கம் முழங்காலில் நின்று தன் கையாலேயே திறந்தார்.

சாட்சியம் காற்றில் வந்தது. "போ, போ, மூடிக்கொண்டு போ!"

டொக்டர் மஸீனா போத்தலை வாங்குமுன் கேட்டார்: "திறந்ததா?"

"நான்தான் திறந்தனான்."

"அப்ப சரிவராது சேர். மருந்துக்கு முந்தி இன்னொண்டு எடுத்தா நல்லம். ஆனா இதுக்காக மருந்தத் தள்ளிப் போட வேணாம்."

"டொக்டர், இதைப் பார்த்தா நான்தான் கெடுத்தனானோ எண்டு தெரிஞ்சிருக்குமோ?"

"ஒரு புள்ளைய வெச்சு அது தெரியாது. நூறு புள்ளையப் பார்த்தாலும், தோல் முந்தியா குடல் முந்தியா எண்டு சொல்லக் கஷ்டம்."

இதை நேற்றே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவர் போத்தலோடு வந்திருப்பார். வெளியே வந்து, கைத்தொலைபேசியை எடுத்து, இரண்டு முறை வைத்துவிட்டு, மூன்றாவது முறை வீட்டுக்கு எடுத்தார். நாளைக் காலை வரைக்கும் மட்டும் பொறும் என்று சொல்வதாக உத்தேசம்.

"இஞ்சாரும், அந்த மருந்து..."

"குடுத்தாச்சு," என்றாள் றீற்றா. "நீங்கள் படலையைச் சாத்த முந்தியே ரெண்டும் குடுத்தாச்சு."

"நான் சொன்னாப் பிறகெல்லோ..."

"உங்களுக்குத் தேவையானது போத்தலுக்குள்ளை போயிட்டுது. பிறகேன் அவள் சொறிஞ்சுகொண்டு இருக்கவேணும்?"

கோபம் வரும் என்று சோதிலிங்கம் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். "இப்ப என்ன செய்யிறாள்?"

"நித்திரை. கையைக் கட்டாமலே நித்திரை. வரேக்கை கதவைத் தட்டாதேங்கோ."

தான்தான் கெடுத்தாரா என்பது இனி அவருக்குத் தெரியவராது. பஸ்ஸும் வரவில்லை. நின்று பார்த்தார், நிற்க முடியவில்லை; நடக்கத் தொடங்கினார். கண்டியிலிருந்து பிலிமத்தலாவைக்கு யாரும் நடப்பதில்லை.