அப்பாவுக்கு நான் வாயாக இருந்த காலம்

யுத்தத்துக்காக அரிசி கூப்பனுக்கு வந்த வருஷம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கண்டக்குழிக் கரையில் வலை இழுக்க ஆள் கூப்பிட்டுக் கத்திய மனுஷன், ஒரு நாள் வாய் கோணி விழுந்தார். கை கால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊர் அவரை அரைப் பைத்தியமாகவே நடத்தியது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா அதற்கு முன்பே போய்விட்டா. அப்பா கதைப்பது எனக்கு மட்டும்தான் விளங்கும். காதால் அல்ல, கண்ணால். 'ப' சொல்ல உதடு ஒட்ட வேண்டும். அவருக்கு ஒட்டாது, மேலுதடு சும்மா நடுங்கும். 'ல' சொல்ல நாக்கு எழும்ப வேண்டும், பாதியில் நின்றுவிடும். அந்த நடுக்கத்தைப் பார்த்தே சொல்லைப் பிடித்துவிடுவேன். அந்தக் கெட்டித்தனமே எனக்கு விலங்கானது. கிணற்றடிக்குப் போனாலும், "பிள்ளை, அப்பா என்னவோ சொல்றார், ஓடி வா" என்று யாராவது வந்து நிற்பார்கள். அரைக் குடம் தண்ணீரோடு திரும்பிய நாட்கள் எத்தனையோ.

சிலாபத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பக்கத்து வீட்டு மாமிதான் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தா. அப்பா ஏதோ குழறினார். என் கலியாணக் கதையை நானே எப்படி எடுத்துச் சொல்வது? வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். வாயைப் பார்க்காததால் அவர் என்ன சொன்னார் என்று எனக்கே தெரியாது. "இவள் போனா இந்த மனுஷனுக்கு ஆர் வாய்?" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளையின் தாய் எழும்பிப் போனா. அந்த வாசலைப் பார்த்து எத்தனையோ நாள் அழுதேன்.

அடுத்த தபசுகாலத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பு நாட்களில், அப்பா செய்த பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கோயிலில் சாமியார் மரத்தட்டிக்கு அப்பால் இருந்துதான் கேட்பார். வெள்ளைக்காரச் சாமி, படித்துப் பிடித்த தமிழ். தட்டிக்குப் பின்னால் அப்பாவின் முகம் தெரியாது, சாமிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாவமன்னிப்பு இல்லாமல் அப்பா அழுதுகொண்டு வந்தார்.

சாமி எங்கள் இருவரையும் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறைக்குக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் கதிரை போட்டார். "மகளே, அவர் சொல்வதை அப்படியே சொல். இங்கே கேட்டதைச் சாகும்வரை யாருக்கும் சொல்லலாகாது" என்றார்.

சொன்னேன். கோபப்பட்டது, கெட்ட வார்த்தை, பூசைக்குப் போகாத ஞாயிறுகள். பிறகு அப்பா நிறுத்தினார். மறுபடி உதடு அசைந்தது. நான் யோசிக்காமல் பிடித்துக்கொண்டே போனேன்.

"வாயை நல்லாத் திறந்து, ஒவ்வொரு எழுத்தா மெதுவாக் கதைச்சா எனக்குப் பேச்சு வரும், சாமி. கடற்கரையில தனிய இருந்து பழகினன். ஒருத்தருக்கும் காட்டேல்ல. காட்டினா என்ர மகள் சிலாபத்துக்குப் போயிடுவா."

என்ர மகள் என்று என் வாயாலேயே சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கதிரையைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. அடிமடியில் கைவைத்த மனுஷனோடு சண்டை போடவும் வழியில்லை; அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாதென்று சாமி என் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார். சாமி அப்பாவை ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். "இனி மறைக்காதே" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்த மாமி எதிரே வந்தா. அப்பா நின்றார். வாயை அகலத் திறந்தார்.

"சி… லா…"

"என்ன பிள்ளை சொல்றார்?" மாமி என்னைப் பார்த்துக் கேட்டா.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. சாமி போட்ட பூட்டு பாதி சாக்கு, மீதி கோபம்.

அப்பாவுக்கு நெற்றி வேர்த்தது. நல்ல கையால் இரண்டு உதட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 'ப' சொன்னார்.

"ப… த்து… ஆக்… க… ளை… வ… ர… ச்… சொ… ல்லு."

"அட, விளங்குதே!" மாமி வாயில் கைவைத்தா. பிறகு முகம் சுருங்கியது. "ஐயோ, அந்தப் பொடியனுக்குத் தை மாசமே கலியாணம் முடிஞ்சுது."

அப்பா என் பக்கம் திரும்பினார். பழையபடி குழறி ஏதோ சொன்னார். இந்தமுறை நான் தலையைக் குனியவில்லை, அவர் உதட்டைப் பார்த்தேன்.

"இப்ப என்னவாம்?" என்றா மாமி.

"வெயிலாம். வீட்டுக்குப் போவமாம்" என்றேன்.

அவர் சொன்னது அதுவல்ல.