பாய் கொடுத்த தொப்பி

அந்த நாடகத்தை இப்ப நெனச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ரெண்டாயிரத்துக்கு அப்புறம், நான் பதினொண்ணாவது படிக்கிறப்ப எங்க பள்ளிக்கூட ஆண்டு விழாவுல போட்டது. சிவகாசியிலருந்து வெம்பக்கோட்டை போற ரோட்டுல இருந்த பள்ளிக்கூடம். அங்க படிச்சதுல முக்காவாசி பட்டாசு வேலைக்குப் போறவுக பிள்ளைகதான்.

இங்கிலீஷ் டீச்சர்தான் கதையைத் தமிழ்ல எழுதினாக. வெளிநாட்டுப் பழைய நாடகம். கடன் வாங்குற வியாபாரி ஒருத்தன், கொடுக்குற யூதன் ஒருத்தன். திருப்பித் தராட்டி ஒன் நெஞ்சுச் சதையை அறுத்துக்கிடுவேன்னு கொடுக்குறவன் எழுதி வாங்கிக்கிடுவான். அவன் மதத்தைச் சொல்லி அந்த வியாபாரி எத்தனையோ வாட்டி அவன் மேல காறித் துப்பியிருக்கான், அந்த வஞ்சம். கோர்ட்டுல வக்கீல் வேஷத்துல வர்ற பொம்பள மொதல்ல கருணை காட்டுன்னு கெஞ்சுவா. கேக்க மாட்டான். ‘சரி, சதையை அறுத்துக்கோ, ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது’ன்னு மடக்கிருவா. கடைசியில அவன் சொத்தையும் பிடுங்கி, மதத்தையும் மாத்தி விட்டுருவாக. இதுல அந்தக் காறித் துப்புற கட்டத்தை மட்டும் டீச்சர் நேரமில்லைன்னு வெட்டிட்டாக.

“யூதன்னா நம்ம சனத்துக்கு என்ன தெரியும்? ஒரு தொப்பியும் தாடியும் வச்சா டக்குன்னு புரிஞ்சிரும்”னாக. சொல்லிட்டு என் சேக்காளியப் பாத்தாக. வகுப்புலேயே முஸ்லிம் பிள்ளை அவ ஒருத்திதான். வக்கீல் வசனம் பூராம் அவளுக்கு மனப்பாடம். அந்த வேஷத்துக்குத்தான் ஆசைப்பட்டா. அது எனக்கு வந்துச்சு, கடன் கொடுக்குறவன் வேஷம் அவளுக்கு.

“ஒங்க வீட்டுல தொப்பி இருக்கும்லடீ, கொண்டு வந்துரு”ன்னாக டீச்சர். அவ தலையாட்டினா, பாவம்.

அவ அத்தா தவணைக்குச் சேலை கொடுக்கிற பாய். சைக்கிள்ல மூட்டையைக் கட்டிக்கிட்டு, சம்பளம் போடுற சனிக்கிழமை சாயங்காலம் எங்க தெருவுக்கு வருவாக. யாராவது கையைப் பிசைஞ்சா, “அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்மா”ன்னு போயிருவாக. வட்டி கிடையாது. அந்தத் தவணைக் காசுலதான் அவ படிச்சா. மக நாடகத்துல நடிக்கான்னதும் மனுசனுக்கு அம்புட்டு சந்தோசம். இருந்த ஒரே நல்ல தொப்பியைத் துவைச்சு, நீலம் போட்டு, தாள்ல சுத்திக் கொடுத்து விட்டாக.

பட்டாசுக் கம்பெனிக்காரர் கதை வேற. எங்கம்மா அவர் கம்பெனியிலதான் சரம் பின்னினா. தீபாவளி முடிஞ்சதும் அட்வான்ஸ் கொடுத்து ஆளைப் பிடிச்சுப் போட்டுருவாரு. அது கழியிற வரைக்கும் வேற கம்பெனி வாசலை மிதிக்க முடியாது. அம்மாவுக்குக் கை வெந்து கட்டுப் போட்டிருந்த வாரம்கூட அட்வான்சுக்குப் பிடிச்சுக்கிட்டுத்தான் மிச்சக் கூலியைக் கொடுத்தாரு. அவருதான் அன்னைக்குச் சிறப்பு விருந்தினர். மொத வரிசையில சால்வையோட உக்காந்திருந்தாரு. நான் கருணையைப் பத்திப் பேசுறப்ப கண்ணைத் தொடச்சாராம், டீச்சர் பெருமையாச் சொன்னாக. தூ!

ரத்த வசனத்துக்கே விசில் பறந்துச்சு. அவ தலையிலருந்து தொப்பியைக் கழட்டி, நெத்தியில திருநீறு பூசினப்பதான் பந்தலே அதிர்ந்துச்சு. மதம் மாத்துறதுக்கு டீச்சர் கண்டுபிடிச்ச வழி அது. மொத வரிசையில இருக்கிறவரைப் பாத்து ஒரு வார்த்தை பேச வக்கில்லாத சனம், மேடையில நின்ன பொட்டப்பிள்ளையப் பாத்து “நல்லா வேணும்டா ஒனக்கு!”ன்னு கத்துச்சு. எங்கம்மா எந்திரிச்சு நின்னு கை தட்டினா. பாய் கடைசியில நின்னாக. மகளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்த மொகம் அப்படியே செத்துப் போச்சு.

அடுத்த சனிக்கிழமை பாய் வந்தாக. எங்க தெருவுல ஒருத்தி, “வாங்க பாய், சதையை அறுத்துக்கிடுங்க, ரத்தம் மட்டும் வரக்கூடாது”ன்னா. தெருவே சிரிச்சுச்சு. பாயும் சிரிச்சாக, வேற என்ன செய்ய? சிரிச்சுட்டுக் காசைக் கொடுத்திருந்தா அது கேலி. கொடுக்கலை. அதுக்கடுத்த வாரம் வாசலுக்கு வாசல் அதே பேச்சு. எங்க வாசல்லயும் கேட்டுச்சு. நான் மேடையில பேசின வசனம், எங்கம்மா வாயில.

“அவுக எப்பம்மா ஒங்கிட்ட சதை கேட்டாக? கேட்டவரு மொத வரிசையில உக்காந்திருந்தாருல்ல, அவருட்டப் போய்ச் சொல்லேன் பாப்போம்!”னு கத்தினேன்.

“வாயை மூடுடீ. அங்கன பேசினா நாளைக்கு ஒலை கொதிக்காது. இது சும்மா வெளாட்டு”ன்னா.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பாய் தொப்பி இல்லாம வந்தாக. வெறுந்தலையோட அவுகளை நான் பாத்ததே இல்ல. அப்பவும் யாரும் கொடுக்கலை. சரக்குக் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் சைக்கிளைப் பிடிச்சு வச்சுக்கிட்டாரு. அதோட பாய் வரத்தும் நின்னுச்சு, மக படிப்பும் நின்னுச்சு. பன்னெண்டாவதுல என் பக்கத்து எடம் காலியாவே கெடந்துச்சு.

சீசன் நேரத்துல ஒரு நாள் அம்மா வேலை முடிஞ்சு வந்து, மொகம் கழுவாமச் செவத்துல சாஞ்சு உக்காந்துட்டா.

“பாய் மக எங்க கம்பெனிக்கு வந்திருக்காடீ. அவுக அத்தா அட்வான்ஸ் வாங்கிட்டாகளாம். சரம் பின்னப் பழக்கிவிடுன்னு எம் பக்கத்துல உக்கார வச்சுட்டாக.”

“என்ன சொன்னா?”

“‘இது அத்தா கொடுத்த சேலைதானேம்மா, ஒங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கு’ன்னா.”

“நீ என்ன சொன்னே?”

அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி மடியில வச்சுக்கிட்டா. அந்தச் சேலைக்கு அவ கொடுத்தது மொதத் தவணை மட்டுந்தான்.